நடக்கும் தூரம்

வீடு சின்னது அம்மா, என்றாள் ஹாத்துனா.
போன ஈஸ்டருக்கும் அதே வீடுதான்.
அப்போது சின்னதாக இல்லை.

நுக்ஸார் ஒன்றும் கேட்கவில்லை.
மேசையில் கிடந்த ஹேசல்கொட்டை ஓடுகளை ஒதுக்கிவிட்டு
திபிலிசி வரைபடத்தை விரித்தார்.
நான்கு மூலைக்கும் மருந்துப் புட்டிகள் காவல்.
நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர்,
போகாத ஊருக்கும் வழி சொல்வார்.
மகள் இருக்கும் தெரு வந்ததும்
விரலைத் தூக்கித் தாண்டி வைத்தார்,
குழியைத் தாண்டுவதுபோல.

சொலொலாக்கி அழகு.
மரத்தால் பால்கனி, வாசலில் வண்ணக் கண்ணாடி.
நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை.
அவர் முழங்காலுக்கு அழகு தெரியாது.

அவ்லபாரி மலிவு.
படத்தில் கட்டிலுக்கு மேலே சுவரில் ஈரக்கறை,
அதன்மேல் ஒரு புனிதரை மாட்டியிருந்தார்கள்.
கறை புனிதரைவிடப் பெரியது.

சபுர்த்தாலோவில் அகலத் தெருக்கள்,
தெருவுக்கு ஓர் ஆஸ்பத்திரி.
என் தம்பி ஒத்தாரை ஒரு திங்கட்கிழமை கூட்டிப் போய்
வியாழக்கிழமை அவன் சட்டையோடு திரும்பினோம்.
வேண்டாம்.

க்ல்தானி மெட்ரோவின் கடைசி நிறுத்தம்.
அங்கே தங்கினால்
கோபம் என்று நினைப்பாள்.
வேராவிலேயே ஓர் அறை இருந்தது,
அவளுக்கு இரண்டு தெரு தள்ளி, ஜெரேனியம் தொட்டியோடு.
அங்கே தங்கினால்
வேவு என்று நினைப்பாள்.

தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து
அவள் வாசலில் ஒரு முனையை அழுத்திக்கொண்டேன்.
கோபத்துக்கும் வேவுக்கும் நடுவில்
எத்தனை அங்குலம் விடுவது?
ஆற்றைத் தாண்டியது நூல்.
சுகுரெத்தி.
மையத்துக்கு நடக்கும் தூரம் என்று போட்டிருந்தது.
யார் நடந்து யாரிடம் வருவது
என்று போடவில்லை.

ராத்திரி ரயிலில் நான் தூங்கவில்லை.
அஜிக்கா ஜாடி மடியில்,
பாலாடைக்கட்டி ஈரத்துணியில் சொட்டிக்கொண்டு,
பெட்டி முழுக்க எங்கள் வீட்டு வாசனை.

வீட்டுக்காரி ஜுஜுனா சாவியைக் கொடுத்தாள்.
வெந்நீர் வராவிட்டால்
கீசரின் இடுப்பில் ஓர் உதை விடச் சொன்னாள்.
பிறகு கேட்டாள்,
ஊரில் உங்களுக்கு யாரும் இருக்கிறார்களா?

இல்லை, என்றார் அவர்.
இருக்கிறாள், என்றேன் நான்.
ஒரே நேரத்தில்.
ஜுஜுனா கீசரைப் பற்றி மறுபடி சொன்னாள்.

முதல் நாள் அவளுக்கு வேலை.
இரண்டாம் நாள் தலைவலி.
நாங்கள் உலர்பாலம் போய்
பழைய கரண்டிகளை விலை கேட்டு வாங்காமல் வந்தோம்.
இரவில் மலைமேல் கோபுரம் விளக்கு போட்டுக்கொண்டது.
அதற்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கம், வேரா.
அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை.
புகை பிடிக்கிறேன் என்றார்.
புகைப்பதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது.

மூன்றாம் நாள் மழை.
அவளே வந்தாள், குடையில்லாமல்,
ஆற்றைத் தாண்டி, நடந்து.
இளைத்திருந்தாள்.
மோதிர விரலில் வெயில் படாத ஒரு வட்டம்.

நான் வாயைத் திறந்தேன்.
நுக்ஸார் என் காலை மிதித்தார்.

அறையைச் சுற்றிப் பார்த்தாள்.
நல்லா இருக்கே, என்றாள்.
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள்,
அஜிக்காவை விரலால் வழித்து ஒருமுறை நக்கினாள்,
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தூங்கிவிட்டாள்.
ஐந்து மணி நேரம்.
அவர் தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்துவிட்டு
யாரோ யாரிடமோ வாயசைத்துச் சண்டை போடுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் அவள் காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்தேன்.

இருட்டும் வேளையில் அவர் எழுந்து,
கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு,
கீழே போனார்.
ஜுஜுனாவின் குரல் மேலே வரை கேட்டது:
இன்னும் ஒரு வாரமா?
மூன்றாவது கட்டிலுக்குத் தனிக் காசு.